சீமைச் சாடிகளின் கதை

ஆங்கில நாட்டு மாளிகைகளில் கணப்பு அடுப்புக்கு மேலே ஒரு நீண்ட கல்தட்டு உண்டு. குளிர் மிகுந்த அந்நாட்டில் குடும்பத்தார் மாலை வேளையில் கூடுமிடம் கணப்பின் எதிர்ப்புறமே ஆதலின், வீட்டிலுள்ள அழகிய பொருள்களுக்கெல்லாம் அத்தட்டே முதன்மையான இடம். பதினெட்டாம் நூற்றாண்டில் அதன்மீது ஐந்து சாடிகளை வரிசையாக நிறுத்துவது செல்வர் வழக்கமாயிருந்தது. மூன்று சாடிகள் மூடியிட்டவை. வயிறு பருத்து அடி சிறுத்தவை. அவற்றின் இடையிடையே, எக்காளத்தின் வாய்போல் மேற்புறம் விரிந்தவை இரண்டு. பூச்சாடி என்று நாம் பெயரிட்டு அழைத்தாலும், மூடியிட்ட சாடியில் பூ வைப்பது எங்ஙனம்? சிலவற்றின் மூடியில் துளைகள் இருக்கும்; உலர்ந்த ரோஜா இதழ்களையும் வாசனைப் பொருள்களையும் உள்ளே இட்டு வைப்பர்; அறை முழுதும் மெல்லிய மணம் கமழும். ஏனையவை யாதொரு பயனுமின்றிக் கண்ணுக்கு விருந்தாக மட்டும் நின்றவை.

அத்தகைய பயனற்ற பொருளுக்காகச் சொந்தப் பணத்தையும் உடல்நலத்தையும் இழந்த சில மனிதர்களைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

பீங்கான் சீனர் கண்ட செல்வம். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் சீனத்திலிருந்து தேயிலை ஏற்றிவரும்போது, கப்பலின் அடித்தளத்தில் பீங்கான் பெட்டிகளை அடுக்கி, அவற்றின்மேல் தேயிலையை ஏற்றுவர். தண்ணீர் கசிந்தாலும் பீங்கானுக்குக் கேடில்லை. கப்பலுக்கு வேண்டிய அடிப்பாரமும் கிடைக்கும். சரக்கை அடுக்கும் முறையில் இதைவிடச் சிறந்த யோசனையை, சரக்கு அலுவலகத்திலேயே பாதி ஆயுளைக் கழித்த நான் கண்டதில்லை. இவ்வாறு வந்த வெண்ணிறக் கலங்களைக் கண்டு ஐரோப்பியர் மயங்கினர். தட்டினால் வெண்கலம்போல் ஒலிக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவுகிறது. கொதிநீர் ஊற்றினாலும் வெடிப்பதில்லை. இதனைச் செய்யும் இரகசியம் மட்டும் விளங்கவில்லை.

சாக்ஸனி நாட்டில் அவ்விரகசியம் முதலில் வெளிப்பட்டது. அந்நாட்டு மன்னர் அகஸ்டஸ், பொன் செய்து தருவதாகச் சொல்லித் திரிந்த பாட்கர் என்னும் இளைஞரைக் காவலில் வைத்து ஆராயச் செய்தார். பொன் வரவில்லை, பீங்கான் வந்தது. 1710ஆம் ஆண்டு மைசன் நகரில் அரச தொழிற்சாலை எழுந்தது. பிரான்ஸ் நாட்டில் செவ்ர் தொழிற்சாலையை 1759இல் மன்னர் பதினைந்தாம் லூயியே விலைக்கு வாங்கிக்கொண்டார். அங்கெல்லாம் சூளையில் எத்தனை கலம் உடைந்தாலும் அரண்மனைக் கருவூலம் ஈடு செய்தது. ஆங்கில நாட்டில் அத்தகைய கருவூலம் எதுவும் திறக்கவில்லை. பெரிய மனிதர்களின் பரிந்துரை சிலருக்குக் கிடைத்திருக்கலாம். சூளையில் போட்ட பணம் அவரவர் கைப்பணமே. ஒரு சித்திரக்காரர், ஒரு வெள்ளித் தட்டார், ஒரு வைத்தியர், ஒரு மருந்துக் கடைக்காரர் என்று இப்படிப்பட்டவர்களே அத்தொழிலில் இறங்கினர்.

சித்திரக்காரரின் பெயர் தாமஸ் ஃப்ரை; அயர்லாந்தில் பிறந்தவர். லண்டனுக்குக் கிழக்கே போ என்னுமிடத்தில் தொழில் தொடங்கியவர். 1744இல் அவரும் எட்வர்டு ஹேலின் என்பவரும் ஒரு காப்புரிமை பெற்றனர். அதில் குறிக்கப்பட்ட மண், கடல் கடந்து அமெரிக்காவில் செரோக்கி மக்கள் வாழ்ந்த நிலத்திலிருந்து வரவேண்டியது! அத்தனை தொலைவிலிருந்து மண்ணைக் கொணர்ந்து தொழில் நடத்துவது எளிதன்று. 1749இல் ஃப்ரை வேறொரு காப்புரிமை பெற்றார். அதில் அவர் மறைபொருளாகக் குறிப்பிட்ட சரக்கு வேறொன்றுமில்லை. எலும்பைச் சுட்டெடுத்த சாம்பல். அதனைக் களிமண்ணோடு கலந்தால் கலம் சூளையில் நெகிழ்ந்து சரியாமல் நிற்கும். வெண்மையும் உறுதியும் கூடும்.

எலும்புச் சாம்பல் என்றதும் நம் வீட்டுப் பாட்டிமார் முகம் சுளிப்பர் என்பது தெரியும். இன்று கடைகளில் ‘போன் சைனா’ என்ற பெயரில் விற்கும் கோப்பையில் ஏறத்தாழச் சரிபாதி அதுவேதான். கல்யாணப் பரிசாக வந்த கோப்பைகளை, காரணம் அறிந்தபின் பரண்மேல் ஏற்றிய இல்லங்கள் நம் காலனியிலும் உண்டு. அந்தப் பழக்கத்தின் தோற்றுவாய் போ நகரத்துச் சூளைதான்.

‘புதிய கான்டன்’ என்று ஃப்ரையின் தொழிற்சாலைக்குப் பெயர். 1750இல் செய்த மைக்கூடுகளில் அப்பெயர் பொறித்திருக்கக் காண்கிறோம். பதினைந்து ஆண்டுகள் உலைகளின் நடுவே வாழ்ந்து உடல் நலிந்த ஃப்ரை, 1759இல் தொழிலை விட்டு விலகி, 1762இல் காலமானார். தொழிற்சாலை 1776இல் மறைந்தது.

வெள்ளித் தட்டார் நிகலஸ் ஸ்ப்ரிமான்ட். லியேஜ் நகரத்திலிருந்து குடிபெயர்ந்து லண்டனுக்கு வந்தவர். தாய்நாட்டை விட்டுப் பிழைப்பிற்காக வேற்றூர் வந்து தொழில் செய்பவரின் மனநிலையை நாம் அறிவோம். அவரிடத்து எனக்குச் சற்று அதிகமான பற்று உண்டாவதற்கு அதுவும் ஒரு காரணம் போலும். 1745ஆம் ஆண்டளவில் லண்டனை அடுத்த செல்சீயில் அவர் தொடங்கிய தொழிற்சாலை, ஆங்கிலப் பீங்கானின் மணிமுடி எனலாம். அதன் அடையாளம் நங்கூரம். முதலில் முக்கோணம், பிறகு புடைத்த நங்கூரம், பிறகு செந்நிற நங்கூரம், இறுதியாகப் பொன்னிற நங்கூரம் என்று அடையாளம் மாறி வந்தது. அதனைக் கொண்டே அறிஞர்கள் காலத்தைக் கணிக்கின்றனர்.

அயல்நாட்டுப் பீங்கான் வரி செலுத்தாமல் நாட்டிற்குள் நுழைந்து தம் தொழிலைக் கெடுப்பதாக ஸ்ப்ரிமான்ட் ஒரு முறையீடு எழுதினார். தூதர்களின் சொந்தச் சாமான் என்ற போர்வையில் மைசன் பீங்கான் இறங்கி, பின்னர் விற்பனைக்குப் போகிறது என்பது குறை. அந்த முறையீட்டில் போகிற போக்கில் ஒரு செய்தி இருக்கிறது. தம்மிடம் குறைந்தது நூறு பேர் வேலை செய்கின்றனர் என்றும், அவர்களுள் முப்பது சிறுவர்கள் திருச்சபை ஆதரவிலும் தரும பள்ளிகளிலும் இருந்து எடுக்கப்பட்டுச் சித்திரமும் வண்ணமும் பயில்கின்றனர் என்றும் அவர் சொல்கிறார். அரசாங்கத்தின் இரக்கத்தைப் பெறுவதற்காக எழுதிய வாசகம்தான். ஆயினும் அந்த முப்பது பிள்ளைகளை நான் மறக்க இயலவில்லை. அவர்கள் வரைந்த பூவும் வண்டும் பறவையும் இன்று உலகின் பெரிய காட்சிசாலைகளில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. எந்தக் கலத்தில் எந்தப் பிள்ளையின் கை பட்டது என்பதைச் சொல்ல ஒரு எழுத்தும் இல்லை. நங்கூரம் முதலாளியின் அடையாளம். வரைந்தவனுக்கு அடையாளம் கிடையாது.

சாடி ஒன்று உருவாகும் முறையைக் கேளுங்கள். களிமண்ணோடு அரைத்த கண்ணாடித் தூளும், 1758 அளவிலிருந்து எலும்புச் சாம்பலும் சேர்த்துப் பிசைவர். இக்கலவைக்கு நம் குயவர் மண்ணின் குழைவு இல்லை. சக்கரத்தில் ஏற்றினால் எளிதில் எழும்பாது. ஆகவே, அச்சுகளில் பகுதி பகுதியாகச் செய்து ஒட்டுவர். வளைந்த கைப்பிடி, இலைச் சுருள், துளையிட்ட மூடி எல்லாம் தனித்தனி. காய்ந்ததும் முதற்சூடு. கண்ணாடிபோன்ற மெருகைப் பூசி மறுசூடு. பிறகு வண்ணம், அதற்குச் சிறு சூளையில் மென்சூடு, நிறத்தைப் பொறுத்து ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. கடைசியில் பொன். பொன் தகட்டைத் தேனில் இட்டு அரைத்து, அக்குழம்பைத் தூரிகையால் தீட்டிச் சுடுவர். தேன் எரிந்துபோகும், பொன் கலத்தின்மேல் தடித்துப் படியும். அதனை மெருகுக் கல்லால் தேய்த்து, ஊசியால் நுண்ணிய கோலங்களைக் கீறுவர். இத்தனை தடவை நெருப்பில் புகுந்து வெளிவரும் கலம், எந்தத் தடவையிலும் கோணலாம், கொப்புளிக்கலாம், பிளக்கலாம். கடைசிச் சூட்டில் கெட்டால் அதுவரை செய்த கூலியெல்லாம் வீண். கோணிய சாடிக்கு எவரும் ஈட்டுத்தொகை கொடுப்பதில்லை.

பொன் நங்கூரக் காலத்துச் சாடிகள் பிரெஞ்சு நாட்டுச் செவ்ர் சாடிகளைப் பார்த்துப் போட்டியாகச் செய்யப்பட்டவை. ஆழ்ந்த நீலம் அல்லது அரக்குச் சிவப்புத் தளம், நடுவே வெண்மையாக விட்ட இடத்தில் சித்திரம், சுற்றிலும் பொன்னிழை. 1763இல் டாக்டர் ஜார்ஜ் கார்னியர் என்பவர் அத்தகைய ஒரு பெரிய சாடியை லண்டன் அநாதைக் குழந்தைகள் விடுதிக்கு நன்கொடையாக அளித்தார். இன்று அது அந்நகரத்து விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இருக்கிறது. தரும பள்ளிப் பிள்ளைகள் தூரிகை பிடித்த தொழிற்சாலையில் பிறந்த சாடி, அநாதைப் பிள்ளைகளின் இல்லத்திற்குப் பரிசாகச் சென்றது. விடுதிக் குழந்தைகளுக்குக் கம்பளி கொடுத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று என் இல்லக்கிழத்தி சொல்கிறாள். எனக்கும் அதை மறுக்க வழி தெரியவில்லை.

ஸ்ப்ரிமான்ட் நோய்வாய்ப்பட்டார். 1769இல் தொழிற்சாலையை விற்றுவிட்டு 1771இல் இறந்தார். 1770இல் அது டார்பி நகரத்து வில்லியம் டியூஸ்பரியின் கைக்கு வந்தது. டியூஸ்பரி தொடக்கத்தில் லண்டனில் கூலிக்கு வண்ணம் தீட்டியவர். 1751 முதல் 1753 வரை அவர் எழுதிய கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தந்தது. செல்சீச் சூளைகள் 1784இல் ஓய்ந்தன.

வைத்தியரின் கதை வேறு. வூஸ்டர் நகரத்து டாக்டர் ஜான் வால், மருந்து செய்பவரான வில்லியம் டேவிஸ் முதலிய பதினைந்து பங்காளிகள் 1751இல் ஒரு தொழிற்சாலை தொடங்கினர். அடுத்த ஆண்டே பிரிஸ்டல் நகரத்திலிருந்த ஒரு சிறு தொழிற்சாலையை வாங்கி, அதன் இரகசியத்தையும் தமதாக்கிக்கொண்டனர். அந்த இரகசியம் மாக்கல். கார்ன்வால் கடற்கரையில் வெட்டியெடுக்கும் அந்த வழவழப்பான கல்லைப் பொடித்துக் கலந்தால், கலம் கொதிநீருக்கு அஞ்சாது. இதனை நம் இல்லத்தரசியருக்கு விளக்க வேண்டியதில்லை. சேலத்திலிருந்து துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருகிறோமே, வற்றல் குழம்பு வைக்கும் கல்சட்டி, அதுவும் மாக்கல்தான். செல்சீக் கோப்பையில் கொதிக்கும் தேநீரை ஊற்றினால் வெடித்தாலும் வெடிக்கும். வூஸ்டர் கோப்பை வெடிக்காது. மேலும் அவ்வூர் செவர்ன் ஆற்றின் கரையில் இருப்பது. கல்லும் கரியும் படகில் வந்தன. செய்த கலம் குலுங்காமல் படகில் போயிற்று.

இரகசியத்தைக் காப்பதில் அப்பங்காளிகள் விழிப்பாயிருந்தனர். கலவை முறையை அறிந்த ராபர்ட் பாட்மோர், ஜான் லைஸ் என்னும் இரு தொழிலாளருக்கு, வாய் திறவாதிருப்பதற்காகவே தனிப் பங்கு கொடுப்பதென்று ஒப்பந்தத்தில் எழுதிவைத்தனர். 1755இல் அந்தப் பாட்மோரே லிவர்பூல் நகரத்து ரிச்சர்டு சாஃபர்ஸ் என்பவரிடம் போய்ச் சேர்ந்தார். விரைவில் லிவர்பூல் கோப்பைகளிலும் மாக்கல் இருந்தது!

வூஸ்டர்ச் சாடிகளில் என் மனத்தைக் கவர்ந்தவை 1760களில் செய்த நீலச் செதில் சாடிகள். தளம் முழுவதும் மீன் செதில் போன்ற நுண்ணிய வளைவுகளை நீல வண்ணத்தால் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்திருப்பர். பொன் விளிம்பிட்ட வெண்பகுதிகளில் நீண்ட வாலும் விசித்திர நிறமும் உடைய பறவைகள் இருக்கும். எந்த நாட்டுக் காட்டிலும் அப்பறவைகள் இல்லை. வரைந்தவர் மனத்தில் பிறந்தவை. செல்சீ தளர்ந்த காலத்தில், அங்கிருந்த சிறந்த ஓவியர்களைத் தாம் அமர்த்திக்கொண்டதாக 1768இல் வூஸ்டர்க்காரர்கள் பத்திரிகையில் விளம்பரமே செய்தனர். ஓர் ஊரில் சூளை அவிந்தால் மறு ஊருக்குத் தூரிகையை எடுத்துக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள்.

ஆனால் வூஸ்டர் தொழிற்சாலையைக் காப்பாற்றியவை இந்தச் சாடிகள் அல்ல என்பதே என் எண்ணம். செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தைத் தாளில் ஒற்றி, தாளிலிருந்து கலத்தின்மேல் பதிக்கும் முறையை ராபர்ட் ஹான்காக் அங்கே கையாண்டார். பிரஷ்ய மன்னரின் உருவம் பதித்த 1757ஆம் ஆண்டுக் குவளை அதற்குப் புகழ்பெற்ற சான்று. ஒரே படம், ஆயிரம் கோப்பை, குறைந்த விலை. நடுத்தரக் குடும்பங்கள் வாங்கிய தேநீர்க் கோப்பையும் தட்டும் கொண்டுவந்த பணத்தில்தான் நீலச் செதில் சாடிகள் உயிர் வாழ்ந்தன. 1789இல் அத்தொழிற்சாலை அரச விருதும் பெற்றது.

இனி மருந்துக் கடைக்காரர். பிளிமத் துறைமுகத்து வில்லியம் குக்வொர்தி, குவேக்கர் என்னும் எளிய சமயப் பிரிவைச் சேர்ந்தவர். 1705இல் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தின் பணமும் தென்கடல் கம்பெனியின் வீழ்ச்சியில் போயிற்று. வண்டிக்குக் காசில்லாமல் லண்டன்வரை கால்நடையாகச் சென்று தொழில் கற்றார் என்பர். சீனத்திலிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் டான்ட்ரகோல், 1712இலும் 1722இலும் பீங்கான் செய்யும் முறையை விவரித்துக் கடிதங்கள் எழுதியிருந்தார். அவற்றின் வாயிலாக, சீனர் பயன்படுத்துபவை வெண்களிமண்ணும் ஒருவகை வெண்கல்லும் என்று குக்வொர்தி அறிந்தார். கார்ன்வாலில் ஊர் ஊராகச் சென்று, நிலத்தைப் பார்த்துப் பார்த்து, ட்ரெகானிங் குன்றில் அவ்விரண்டையும் கண்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சோதித்த பின்னர், 1768இல், தம் அறுபத்து மூன்றாம் வயதில் காப்புரிமை பெற்றார். எலும்பும் மாக்கல்லும் கண்ணாடியும் சேராத, சீனத்துக்கு ஒப்பான உண்மைப் பீங்கான் ஆங்கில மண்ணில் அன்றுதான் பிறந்தது.

பிறந்த குழந்தை நோஞ்சான். மிகுந்த சூட்டைக் கையாளும் திறமை போதவில்லை; பிளிமத் கலங்களில் புகைக் கறையும் கோணலும் தெரியும். 1770இல் தொழிற்சாலை பிரிஸ்டலுக்கு மாறியது. ரிச்சர்டு சாம்பியன் என்னும் வணிகர் பொறுப்பேற்றார். அங்கே செய்த ஆறுபட்டைச் சாடிகள் கம்பீரமானவை.

காப்புரிமையின் காலத்தை நீட்டித்துத் தருமாறு 1775இல் சாம்பியன் பார்லிமெண்டை வேண்டினார். ஜோசையா வெட்ஜ்வுட் முதலிய ஸ்டாஃபர்டுஷையர் குயவர்கள் எதிர்த்தனர். நிலத்தில் கிடைக்கும் களிமண்ணை ஒருவருக்கு மட்டும் உரிமையாக்குவது மற்றத் தொழிலாளர்களின் வாயில் மண் போடுவதாகும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இருபது ஆண்டுகள் தேடி அலைந்தவரின் உழைப்புக்கு என்ன மதிப்பு என்பது மறுதரப்பு. இரண்டும் நியாயமாகவே எனக்குப் படுகின்றன. பார்லிமெண்டு நடுவழி ஒன்றைக் கண்டது: ஒளி ஊடுருவும் பீங்கானுக்கு உரிமை சாம்பியனுக்கே, ஏனைய கலங்களுக்கு அம்மண்ணை எவரும் பயன்படுத்தலாம். வழக்குச் செலவும் வாணிக நட்டமும் சேர்ந்து சாம்பியனை வீழ்த்தின. 1781இல் உரிமையை ஸ்டாஃபர்டுஷையர்க்காரர்களுக்கே விற்றார். 1784இல் அமெரிக்காவின் தென் கரோலினாவுக்குக் குடியேறி, 1791இல் அங்கேயே இறந்தார். குக்வொர்தி 1780இல் மறைந்துவிட்டார். அவர் கண்ட வெண்மண் கார்ன்வாலுக்குப் பிற்காலத்தில் பெருஞ்செல்வம் தந்தது. அப்படி மண் வெட்டித் தீர்ந்த ஒரு பெரும்பள்ளத்தில்தான், 2001இல் திறக்கப்பட்ட ஈடன் தோட்டம் இருக்கிறது.

இதற்கிடையே சாடியின் சுவையே மாறிவிட்டது. பழைய கிரேக்க, ரோமானிய வடிவங்களில் மக்களுக்குப் பித்துப் பிடித்தது. வெட்ஜ்வுட் 1769இல் திறந்த எட்ரூரியா தொழிற்சாலையில் கருங்கல் போன்ற சாடிகளையும், பின்னர் நீலத் தளத்தில் வெள்ளை உருவங்கள் பதித்த சாடிகளையும் செய்து குவித்தார். அவை பீங்கானல்ல, நுண்மையான கற்கலம். பொன் சுருளும் விசித்திரப் பறவையும் பழம்பாணியாயின. 1791இல் கிழக்கிந்தியக் கம்பெனியும் சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்திக்கொண்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஸ்டோக் நகரத்து ஸ்போடு என்பார், ஃப்ரையின் எலும்புச் சாம்பலையும் குக்வொர்தியின் வெண்மண்ணையும் கல்லையும் சேர்த்துச் செம்மையான ஒரு கலவையை அமைத்தார். தோற்றுப்போன இருவரின் பொருளும் ஒரே கோப்பையில் கூடின.

இவற்றைக் கண்ணால் காண நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் சிகந்தராபாத்திலுள்ள நாம் அனைவரும் அவர்களை அழைத்துச் செல்லும் சாலார்ஜங் காட்சிசாலையில், ஐரோப்பியப் பீங்கான் பிரிவில் ஆங்கிலக் கலங்களும் உள்ளன. மணி அடிக்கும் கடிகாரத்தைப் பார்க்கக் கூடும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கு வருவதில்லை. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

பழம்பொருள் கடையில் எவரேனும் பொன் நங்கூரம் இட்ட சாடியைக் காட்டினால் உடனே பணப்பையைத் திறந்துவிட வேண்டாம். பாரிஸ் நகரத்தில் 1845இல் தொடங்கிய சாம்சன் தொழிற்சாலை செல்சீயையும் வூஸ்டரையும் அச்சு மாறாமல் நகல் செய்து உலகெங்கும் பரப்பியிருக்கிறது. உண்மைச் செல்சீ நங்கூரம் மிகச் சிறியது, கால் அங்குலம் இருந்தால் அதிகம். பெரிதாகப் பளிச்சென்று இருந்தால் ஐயம் கொள்க. செந்நிற நங்கூரக் காலத்துக் கலத்தை விளக்குக்கு நேரே பிடித்தால், நிலவுத் துண்டுகள்போல் வெளிறிய புள்ளிகள் உள்ளே தெரியும். வூஸ்டர் கலம் இளம் பசுமையாக ஒளிரும். காட்சிசாலையில் இச்சோதனைகளைச் செய்யக் காவலர் விடமாட்டார். கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பார்த்து மகிழலாம். வெள்ளிக்கிழமை அங்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போவது நலம்.